ஓஸோனை அளந்த கல்பாத்திக்காரர்

டில்லியில் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு லோதி ரோடு புதிதன்று. அவ்வழியே போய் வரும் நாம் மௌஸம் பவனையும் பலமுறை கடந்திருப்போம். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் அது. அத்துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, கண்ணுக்குப் புலப்படாத ஒரு வாயுவை அளந்தறிவதில் உலகமே மதிக்கும் நிலையை எய்திய டாக்டர் கே. ஆர். ராமநாதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத்தில், 1893 பிப்ரவரி 28ஆம் நாள் அவர் பிறந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருவனந்தபுரத்தில் பௌதிகம் கற்பித்தார். 1921இல் கல்கத்தா சென்று சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். பின்னர் ரங்கூன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

1923இல் ஒரு நிகழ்ச்சி. தூய நீரில் சூரிய ஒளியைச் செலுத்திச் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, எதிர்பாராத மங்கிய நிறம் ஒன்று கலந்திருப்பதை ராமநாதன் கண்டார். நீரில் உள்ள மாசுதான் காரணம் என்று கருதி, மீண்டும் மீண்டும் அதைத் தூய்மைப்படுத்தினார். நிறம் மறையவில்லை. ஆயினும் மாசு என்ற விளக்கமே அன்று நின்றது. பின்னாளில் அத்தகைய ஒளியின் உண்மைக் காரணத்தை ராமன் நிலைநாட்டியது 1928 பிப்ரவரி 28ஆம் நாள். அன்று ராமநாதனின் முப்பத்தைந்தாவது பிறந்த நாள்! 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கைக்கெட்டியது நழுவிற்றே என்று ராமநாதன் ஓய்ந்துவிடவில்லை. 1925லேயே வானிலைத் துறையில் சேர்ந்திருந்த அவருடைய கவனமெல்லாம் வானத்தின் மீதே இருந்தது.

ஆக்ராவிலிருந்து கருவிகளைத் தாங்கிய பலூன்கள் மேலே அனுப்பப்பட்டன. கருவி கீழே விழுந்து மீண்டும் கைக்கு வந்தால்தான் கணக்குக் கிடைக்கும். அவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த அளவைகளைக் கொண்டு, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்று, துருவப் பகுதிகளில் அதே உயரத்தில் உள்ள காற்றைவிடக் குளிர்ந்தது என்று 1929இல் அவர் காட்டினார். கீழே கொதிக்கும் வெயில், மேலே கடுங்குளிர்! இவ்வியப்பே அவரை ஓஸோனிடம் இட்டுச் சென்றது எனலாம்.

ஓஸோன் என்பது யாது? நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் மூலக்கூறில் அணுக்கள் இரண்டு, ஓஸோனில் மூன்று. அந்த மூன்றாம் அணு நிலைகொள்ளாது. கிட்டிய பொருளைப் பற்றி அதை ஆக்ஸிகரிக்கும். அதனால்தான் ஓஸோன் குடிநீரிலுள்ள கிருமிகளைக் கொல்கிறது, சாயத்தை வெளுக்கிறது, ரப்பரை வெடிக்கச் செய்கிறது. மூச்சோடு உட்சென்றால் நுரையீரலையும் புண்படுத்துகிறது. தரையில் பகையான இதே வாயு வானில் நமக்குக் கவசம். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அக்கவசம் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான்!

ஆங்கிலேய விஞ்ஞானி டாப்ஸன் உலகின் பல இடங்களில் ஓஸோனை அளக்க முற்பட்டபோது, 1928இல் அவருடைய கருவி ஒன்று நம் கோடைக்கானலுக்கும் வந்தது. சூரிய ஒளியே ஓஸோனை ஆக்குவதால் நம் நாட்டின் மேல் அது மிகுந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் வடநாடுகளைவிட இங்கே குறைவு என்றது அளவை. எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது என்பதே அடுத்த கேள்வி.

1948இல் வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று, ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரான ராமநாதன் இக்கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சூரியன் சாயும் வேளையில், தலைக்கு நேர் மேலேயுள்ள வானத்தின் ஒளியில் இரு புற ஊதாக் கதிர்களை ஒப்பிட்டு, ஓஸோன் எவ்வாறு பரவியிருக்கிறது என்று கணக்கிடும் முறையை அவர் கையாண்டார். நம் வெப்ப நாடுகளின் மேலே ஓஸோன் அளவிற் குறைந்தும், உயரத்தில் மிகுந்தும் இருப்பது தெளிவாயிற்று. இங்கே உண்டாவதைக் காற்றோட்டம் துருவங்களை நோக்கிச் சுமந்து செல்கிறது என்பதை இன்று உலகம் அறியும். 1960களில் அனைத்துலக ஓஸோன் ஆணைக்குழுவின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருதும் வந்தது.

அதே 1960களில் வானிலைத் துறையின் அன்னா மணி, பலூனில் செல்லும் ஓஸோன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் காற்றைச் செலுத்தினால் ஓஸோன் அயோடினை விடுவிக்கும். அதனால் எழும் சிறு மின்னோட்டமே அதன் அளவைச் சொல்லும். ஓஸோனின் ஆக்ஸிகரிக்கும் குணமே அதைக் காட்டிக்கொடுக்கிறது!

1984 டிசம்பர் 31ஆம் நாள் ராமநாதன் மறைந்தார். ஐந்தே மாதங்களில், அண்டார்ட்டிகாவின் மேலே ஓஸோன் பெரிதும் குறைந்துவிட்டது என்ற செய்தி உலகை உலுக்கியது. ஆண்டுக்கணக்காக டாப்ஸன் கருவிகளால் அளந்து வைத்திருந்த ஏடுகள் இல்லையேல் அக்குறைவை எவர் அறிந்திருப்பர்? 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு நாடுகள் இசைந்தன.

பரிசு கிட்டும் என்று தெரிந்து உழைப்பவர் பலர். பயன் என்னவென்று தெரியாத நாளிலும் பிழையற அளந்து எழுதி வைப்பவர் சிலர். ஆய்வுக்கூடத்தில் சலிப்போடு அளவைகளைக் குறிக்கும் நண்பர்களே, அடுத்த முறை லோதி ரோட்டில் செல்லும்போது அச்சிலருள் ஒருவரான கல்பாத்தி ராமநாதனை ஒரு கணம் நினையுங்கள்.