11 பேர் ஆட்டத்தின் 'ஜெனரல்'... குழந்தைகளுக்கு 4 பேர் போதும்னு நம்பியது ஏன்? யார் இந்த ரீனுஸ் மிகெல்ஸ்?

ஒரு 7 வயசுப் பையன் கோல்போஸ்ட் முன்னாடி நிற்கிறான். போஸ்ட்டின் உயரம் 2.44 மீட்டர், அகலம் 7.32 மீட்டர். பையன் அதில் பாதி உயரம்தான். தலைக்கு மேல் வரும் பந்தை அவனால் தொடவே முடியாது. எதிர் டீமில் கொஞ்சம் வளர்ந்த பையன் ஒருத்தன் தூரத்தில் இருந்து ஓங்கி உதைத்தால் போதும், கோல்! இதில் யார் என்ன கத்துக்கிட்டாங்க?

அப்பா சட்டையை மகனுக்கு மாட்டிவிட்ட மாதிரி, பெரியவர்கள் ஆடும் கால்பந்தை அப்படியே குழந்தைகளிடம் கொடுத்ததுதான் பிரச்சனை. இந்தச் சட்டையை வெட்டித் தைக்கும் வேலை இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் ரீனுஸ் மிகெல்ஸ்.

தெருவில் தொடங்கிய ஆட்டம்

மிகெல்ஸ் பிறந்தது 1928 பிப்ரவரி 9, ஆம்ஸ்டர்டாமில். வளர்ந்தது ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருவில். 9வது பிறந்தநாளுக்குக் கிடைத்த பரிசு, ஒரு ஜோடி கால்பந்து ஷூவும் அயாக்ஸ் கிளப் ஜெர்சியும். வீட்டுப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் அப்பாவோடு பந்து ஆடினார். 1940ல் அயாக்ஸ் ஜூனியர் உறுப்பினர் ஆனார்.

நடுவில் இரண்டாம் உலகப் போர். 1944 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தபோது, குடும்பத்தோடு வடக்குப் பகுதிக்குப் போக வேண்டியதாயிற்று. போர் முடிந்து 1946ல் அயாக்ஸ் சீனியர் டீமில் முதல் வாய்ப்பு கிடைத்தது. அதுவும் காயம்பட்ட வீரருக்குப் பதிலாகத்தான். அந்த ஒரே மேட்ச்சில் 5 கோல் அடித்தார். அப்புறம் 1958 வரை அயாக்ஸ்தான். முதுகுவலி காரணமாக ஓய்வு பெற்றார். பிறகு உடற்கல்வி ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

'ஜெனரல்' ஆனது எப்படி?

1965 ஜனவரியில் அயாக்ஸ் பயிற்சியாளரானார். அப்போது டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும் ஆபத்தில் இருந்தது. அடுத்த சீசனிலேயே லீக் சாம்பியன். 1971ல் ஐரோப்பியக் கோப்பை. கண்டிப்பு அதிகம் என்பதால் அவருக்கு 'ஜெனரல்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் 'டோட்டல் ஃபுட்பால்'. அதாவது, டிஃபெண்டர் முன்னேறிப் போவார், ஃபார்வர்டு பின்னால் வந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வார். யாரும் ஒரே இடத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்த ஆட்டத்தோடு 1974 உலகக்கோப்பையில் நெதர்லாந்து இறுதிப்போட்டி வரை போனது. மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றாலும், உலகமே திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடணும்னா, எல்லார் காலிலும் பந்து ஒட்டிக்கொண்டு இருக்கணும். அந்தத் திறமை எங்கிருந்து வந்தது? யோஹன் க்ரைஃப் மாதிரியான வீரர்கள் கிளப்புக்கு வரும் முன்பே ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் மணிக்கணக்காக ஆடியவர்கள். அங்கே கோச் கிடையாது. ரெஃப்ரி கிடையாது. எத்தனை பேர் வந்தாங்களோ அத்தனை பேரை வைத்து ஆட்டம்.

தெரு காணாமல் போனது

காலம் மாறியது. தெருக்களை கார்கள் பிடித்துக்கொண்டன. குழந்தைகள் பந்தைத் தொடும் நேரம், வாரத்தில் சில மணி நேர கிளப் பயிற்சியாகச் சுருங்கியது. அந்தப் பயிற்சியிலும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு முறை உதைத்துவிட்டு, மறுபடி வரிசைக்குப் போவதுதான் பல இடங்களில் வழக்கம்.

1980களில் மிகெல்ஸ் நெதர்லாந்து கால்பந்து சங்கத்தில் தொழில்நுட்பப் பொறுப்புக்கு வந்தார். குழந்தைகளுக்கான பயிற்சி எப்படி இருக்கணும் என்பதை அவரும் சங்கத்தின் மற்ற பயிற்சியாளர்களும் சேர்ந்து திருத்தி எழுதினார்கள். தெருக் கால்பந்துதான் இயல்பான பள்ளிக்கூடம் என்பது அவர் நம்பிக்கை. தெருவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால், தெரு ஆட்டத்தை மைதானத்துக்குக் கொண்டுவரலாமே?

ஏன் 4 பேர்?

அதற்குக் கிடைத்த விடைதான் 4-க்கு 4 ஆட்டம். சின்ன மைதானம், சின்ன கோல், பெரும்பாலும் கோல்கீப்பர் இல்லை.

4 என்பது சும்மா எடுத்த எண் இல்லை. பின்னால் ஒருவர், இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், முன்னால் ஒருவர். பந்து வைத்திருக்கும் குழந்தைக்கு எந்தப் பக்கமும் பாஸ் கொடுக்க ஆள் இருக்கும். உண்மையான மேட்ச்சின் எல்லா அம்சமும் உள்ள மிகச் சின்ன வடிவம் இது.

கணக்கும் எளிதுதான். 11 பேர் ஆட்டத்தில் ஒரு பந்தை 22 குழந்தைகள் பங்கு போடணும். இங்கே 8 பேர்தான். யாரும் ஓரத்தில் ஒதுங்கி நிற்க முடியாது. பின்னாளில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில், 9 வயதுக்குட்பட்டோருக்கு 8-க்கு 8, 4-க்கு 4 இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4 பேர் ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதமும், ஒருவருக்கு ஒருவர் மோதும் தருணங்கள் 225 சதவீதமும் அதிகமாக இருந்தன.

கண்டிப்புக்குப் பேர்போன ஜெனரல், குழந்தைகள் விஷயத்தில் வந்து சேர்ந்த இடம் இதுதான். கோச் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுப்பதை விட, சரியான விதி போட்ட ஆட்டமே நிறைய சொல்லிக் கொடுக்கும்.

கோப்பையும் கடைசி நாட்களும்

1986ல் இதய அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1988ல் ரூட் குலிட், மார்கோ வான் பாஸ்டன் இருந்த நெதர்லாந்து டீமை வைத்து யூரோ கோப்பையை வென்றார். நெதர்லாந்து ஆண்கள் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை இன்றுவரை அதுதான். 1999ல் நூற்றாண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று ஃபிஃபா கௌரவித்தது. 2005 மார்ச் 3 அன்று பெல்ஜியத்தில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார்.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

வேடிக்கை என்னவென்றால், அவர் நாட்டிலேயே பயிற்சி மாறிய அளவுக்கு மேட்ச் விதி மாறவில்லை. 2016 யூரோவுக்கு நெதர்லாந்து தகுதி பெறாமல் போனது பெரிய அடி. 2017-18 சீசனில் இருந்துதான் குழந்தைகள் போட்டிகள் பெரிய அளவில் மாறின. அதுவரை 11 பேர் ஆட்டம் ஆடிய 12 வயதுக்குட்பட்டோர் 8 பேர் ஆட்டத்துக்கு வந்தார்கள். அதை விடச் சின்னவர்களுக்கு 6 பேர். பந்து வெளியே போனால் கையால் எறிய வேண்டாம், காலால் உருட்டிக்கொண்டே உள்ளே வரலாம்.

மற்ற நாடுகளும் இதே திசையில்தான். இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்டோருக்கு 5 பேர் ஆட்டம். அமெரிக்காவில் 8 வயது வரை 4 பேர் ஆட்டம். ஜெர்மனியில் 2024-25 சீசன் முதல் சின்னக் குழந்தைகளுக்கு 2 அல்லது 3 பேர் ஆட்டம், 4 குட்டி கோல்கள்.

எதிர்ப்பும் இருக்கு. புள்ளிப் பட்டியல் இல்லைன்னா குழந்தைகள் தோல்வியைச் சந்திக்கக் கத்துக்க மாட்டாங்க என்று ஜெர்மனியில் டார்ட்மண்ட் கிளப்பின் ஹன்ஸ் யோவாகிம் வாட்ஸ்கே வெளிப்படையாகவே விமர்சித்தார். ஆனால் சின்ன ஆட்டத்திலும் தோல்வி உண்டு. 4 பேர் ஆடும்போது கோல் நிறைய விழும். ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே மாலையில் பல முறை நடக்கும்.

உங்க வீட்டுப் பிள்ளை கால்பந்து பயிற்சிக்குப் போகுதா? அடுத்த முறை ஸ்கோரை விட்டுட்டு ஒண்ணு மட்டும் எண்ணிப் பாருங்க. ஒரு மேட்ச்சில் பந்து அதன் காலுக்கு எத்தனை முறை வருது? மிகெல்ஸ் தேடிய விடை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கு.