டிஸ்னிலாந்து கண்டவர்

மிக்கி என்னும் சுண்டெலியை அறியாத சிறுவர் உலகில் அரியர். அதனைத் திரையில் ஆடவும் பாடவும் செய்தவர் வால்ட் டிஸ்னி என்பதும் பலர் அறிந்த செய்தியே. ஆயினும், பெற்றோரும் பிள்ளைகளும் விடுமுறை நாளில் ஒருங்கே சென்று மகிழ்வதற்கென ஒரு பூங்காவை அமைக்க அவர் எத்துணை இடர்ப்பட்டார் என்பதைப் பலர் அறியார்.

வால்ட் டிஸ்னி அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிகாகோ நகரில் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தார். எலியாஸ், புளோரா என்பார்தம் மக்கள் ஐவருள் அவர் நான்காமவர். தந்தையார் எலியாஸ் உழைப்பில் சலியாதவர். ஆயினும், தச்சு, உழவு எனப் பல தொழில் செய்தும் எதிலும் நிலைபெறவில்லை. கண்டிப்பு மிக்க அவர் விளையாட்டை வீண்பொழுது என்று கருதினார். 1906-ஆம் ஆண்டு அக்குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலீன் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறிற்று. ஆப்பிள் மரங்களும் ஆடு மாடுகளும் நிறைந்த அப்பண்ணையில் கழித்த நான்கைந்து ஆண்டுகளே வால்டின் இளமையில் இனிமை மிக்கவை. ஊரின் ஊடே சென்ற புகைவண்டியின் கூவலைக் கேட்டு அவர் உவகையுற்றார். உறவினர் ஒருவர் அத்தடத்தில் எஞ்சின் ஓட்டுநராக இருந்தமையால், புகைவண்டியின் மீது அவருக்கு ஏற்பட்ட காதல் வாழ்நாள் இறுதிவரை குன்றவில்லை.

பண்ணைத் தொழிலும் நலியவே, 1911-இல் குடும்பம் கான்சாஸ் நகரத்திற்குப் பெயர்ந்தது. அங்கே எலியாஸ் நாளிதழ்களை வீடுதோறும் வழங்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். ஒன்பது வயதுச் சிறுவரான வால்டும், எட்டாண்டு மூத்த தமையன் ராயும் அவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுதல் வேண்டும். குளிர்காலத்தில் இடுப்பளவு பனி குவிந்து கிடக்கும். இதழை வாயிலில் எறிந்துவிட்டுச் செல்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் காற்றுத் தூக்காதவாறு பொருத்தி வைத்துவிட்டு வரல் வேண்டும் என்பது தந்தையார் கட்டளை. ஊதியம் என ஒன்றும் அவர் தம் மகனுக்குத் தரவில்லை. ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தன. செல்வர் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் விட்டுச் சென்ற பொம்மைகள் கிடக்கும். வால்ட் ஒருவரும் எழாத அவ்விருட்பொழுதில் சிறிதுநேரம் அவற்றை எடுத்து விளையாடிவிட்டு, இருந்த இடத்திலேயே பிழையின்றி வைத்துவிட்டு அடுத்த வீட்டிற்கு விரைவார். பெரும்பொருள் ஈட்டிய பின்னரும், யாரோ ஒருவர் வீட்டிற்கு இதழ் போட மறந்துவிட்டதாகக் கனாக் கண்டு அவர் திடுக்கிட்டு விழிப்பதுண்டு.

அந்நகரில் அவர்தம் வீட்டிற்கு அண்மையில் எலெக்ட்ரிக் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்தது. மின்விளக்குகளின் ஒளியும் வாணவேடிக்கையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆனால் உள்ளே சென்று ஆடி மகிழக் காசும் ஓய்வும் அவருக்கு அருமையாகவே கிட்டின.

வளர்ந்தபின் அவர் ஓவியத் தொழிலை மேற்கொண்டார். கான்சாஸில் தொடங்கிய நிறுவனம் கடனில் மூழ்கவே, 1923-இல் ஹாலிவுட் சென்று, ராயின் துணையுடன் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஓவியர் அப் ஐவர்க்ஸ் உடனிருக்க, 1928-இல் மிக்கி பிறந்தது. 1937-இல் வெளிவந்த நீண்ட சித்திரப்படமான 'ஸ்நோ ஒயிட்' அவர் புகழை நிலைநாட்டிற்று. படம் எடுக்கும் கற்பனை வால்டுடையது; அதற்குப் பணம் தேடும் கவலை ராயினுடையது. இம்முறை இறுதிவரை மாறவில்லை.

வால்ட் தம் மனைவி லில்லியனுடனும், டயான், ஷாரன் என்னும் பெண்மக்களுடனும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்தார். விடுமுறை நாட்களில் மக்களிருவரையும் கிரிஃபித் பூங்காவிற்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். நம்மூர்த் திருவிழாக்களில் சுழல்வது போன்ற, மரக்குதிரைகள் பூட்டிய பெரிய குடைராட்டினம் ஒன்று அங்கே உண்டு. மக்கள் குதிரை ஏறிச் சுற்றிச் சுற்றி வருவர்; தந்தையோ ஒரு பலகையில் தனியே அமர்ந்து வேர்க்கடலையைக் கொறித்தவாறு காத்திருப்பார். அவரைப் போன்றே ஏனைப் பெற்றோரும் சோர்ந்து அமர்ந்திருப்பர். பிள்ளைகளுக்கு மட்டும் களிப்பும் பெற்றோருக்குக் காத்திருத்தலும் என்னும் இந்நிலை முறையன்று என்று அவர் எண்ணலானார். முதியோரும் இளையோரும் ஒருங்கே ஏறி, ஒருங்கே வியந்து, ஒருங்கே நகைக்கத்தக்க இடம் ஒன்று ஏன் இருத்தல் கூடாது? இவ்வெண்ணம் பல்லாண்டுகள் அவரை விடாது பற்றியது.

லில்லியன் இதனை விரும்பவில்லை. அக்காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் அழுக்கு மிக்கவை, பணியாளர் பண்பற்றவர். வால்ட் இதனை மறுக்கவில்லை. தாம் அமைப்பது அவ்வாறு இராது என்றார். 1951-இல் கோபன்ஹேகன் நகரில் 1843 முதல் விளங்கும் டிவோலிப் பூங்காவைக் கண்டபோது, அதன் தூய்மையும் மலர்ப் பாத்திகளும் பணியாளரின் இன்முகமும் அவர் நம்பிக்கையை வலுப்படுத்தின. ராயும் நிறுவனப் பணத்தைப் பெருமளவில் ஈடுபடுத்தத் தயங்கவே, வால்ட் தம் ஆயுட்காப்பீட்டின் மீது கடன் பெற்றார். பாம் ஸ்பிரிங்ஸில் இருந்த தம் ஓய்வு இல்லத்தையும் விற்றார். பூங்கா நடத்திப் பழகிய சிலரிடம் 1953-இல் வரைபடத்தைக் காட்டிய போது, ஒரே வாயில் போதாது என்றும், காசு ஈட்டாத கோட்டை வீண்செலவு என்றும் கூறி, இது தோல்வியுறும் என்று முடிவு கட்டினர். அனுபவம் சில வேளைகளில் புதுமையைக் காணவொட்டாது கண்ணை மறைத்துவிடுகிறது. இறுதியில் ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம், வால்ட் வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி தருவதெனில், ஐந்து இலட்சம் டாலர் முதலீடு செய்யவும், 45 இலட்சம் டாலர் கடனுக்குப் பிணை நிற்கவும் இசைந்தது.

அனஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கப்பட்டது. 1954 ஜூலையில் தொடங்கிய பணி ஓராண்டில் முடிந்தது. செலவு ஒரு கோடியே எழுபது இலட்சம் டாலர். புறத்தே உள்ள உலகம் கண்ணிற்படாதவாறு சுற்றிலும் மண்மேடு எழுப்பி, அதன் மேல் புகைவண்டி ஓடச் செய்தார். வாயிலைக் கடந்ததும் தோன்றும் தெரு மார்சலீன் ஊரின் நினைவில் எழுந்தது. தெருவின் முடிவில் கோட்டை. அதன் முன்னுள்ள வட்டத்திலிருந்து பல திசைகளுக்கும் வழிகள் பிரியும். ஆதலால், நடப்போர் கால் சலியாது. பிரிந்தோர் எளிதில் ஒன்று கூடுவர்.

1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அந்நாள் பட்ட இன்னல் கொஞ்சநஞ்சமன்று. போலி அனுமதிச் சீட்டுகள் பெருகி, அழைக்கப்பட்டோரினும் மிகுதியான மக்கள் புகுந்தனர். வெயில் கொளுத்திற்று, முதல்நாள் ஊற்றிய தார் இளகி, மகளிரின் காலணிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்களையேனும் கழிப்பிடங்களையேனும் ஒன்றைத்தான் முடிக்க இயலும் என்ற நிலை ஏற்பட்டபோது வால்ட் கழிப்பிடங்களையே தேர்ந்திருந்தார். நீரின்றி மக்கள் வாடினர். ஓரிடத்தில் எரிவாயு கசிந்தது. மறுநாள் நாளிதழ்கள் பழித்தன. வால்ட் துவளவில்லை, பணியாளரை ஒன்றுகூட்டிக் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். இரண்டு திங்களுக்குள் பத்து இலட்சம் மக்கள் வந்து சென்றனர்.

பூங்காவின் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் தமக்கென ஒரு சிறு குடியிருப்பை அவர் அமைத்துக்கொண்டார். காலையில் இறங்கி வந்து, மக்களோடு மக்களாக வரிசையில் நிற்பார். எங்கே சலிக்கின்றனர், எதனைக் கண்டு வியக்கின்றனர் என்று கருத்தூன்றி நோக்குவார். தரையிற் கிடக்கும் தாளைத் தாமே குனிந்து எடுப்பார். பூங்கா ஒருநாளும் முற்றுப்பெறாது, வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பது அவர் கொள்கை.

பின்னர் ஃபுளோரிடா மாநிலத்தில் 27,000 ஏக்கர் அளவிலான நிலத்தை வாங்கி, அதனினும் பெரிய பூங்காவொன்றைத் திட்டமிட்டார். அது எழுமுன், நுரையீரற் புற்றுநோயால் 1966-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மறைந்தார். ஓய்வு பெற எண்ணியிருந்த ராய், அதனைத் தள்ளிவைத்துவிட்டு, தம்பி விட்ட பணியைத் தாமே ஏற்று முடித்தார். அப்புதிய பூங்காவிற்கு வெறுமனே டிஸ்னி உலகம் என்னாது, வால்ட் டிஸ்னி உலகம் என்றே முழுப்பெயர் வழங்குதல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1971 அக்டோபர் முதல் நாள் அது திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ராயும் காலமானார்.