சொந்த ஊர் எது? ஓவியத்தில் பதில் தேடிய அம்ரிதா ஷெர்கில்!

புதுசா ஒருத்தர் அறிமுகமானா, உங்ககிட்ட முதல்ல என்ன கேட்பாங்க? பேர், அடுத்து சொந்த ஊர். அப்பா ஒரு ஊர், அம்மா ஒரு ஊர், நீங்க வளர்ந்தது வேற ஊர்னா அந்த ரெண்டாவது கேள்வியில் கொஞ்சம் தடுமாறுவீங்கதானே? அப்படின்னா அம்ரிதா ஷெர்கிலோட கதை உங்களுக்குத்தான்.

1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தவர் அம்ரிதா. அப்பா உம்ராவ் சிங், பஞ்சாப் சீக்கியர். சமஸ்கிருதம், பாரசீகம் படித்த அறிஞர். குடும்பத்தையும் தன்னையும் விதவிதமாக போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தவர். அம்மா மேரி ஆன்டொனெட், ஹங்கேரியப் பாடகி. எட்டு வயதில் அம்ரிதா சிம்லாவுக்கு வந்தார். 16 வயதில் ஓவியம் படிக்க பாரிஸுக்குப் போனார்.

இன்னிக்கு நீங்க செல்ஃபி எடுக்குற மாதிரி, பாரிஸில் அவர் தன்னைத்தானே வரைந்து தள்ளினார். ஒன்றில் வாய்விட்டுச் சிரிப்பார், இன்னொன்றில் யோசனையில் மூழ்கியிருப்பார். 1934-ல் தன்னை ஒரு தஹிதி தீவுப் பெண்ணாக வரைந்தார். இத்தனைக்கும் அந்தத் தீவுக்கு அவர் போனதே இல்லை! 'நான் யார்?'னு வேற வேற முகங்களைப் போட்டுப் பார்த்த மாதிரி இருக்கும் அந்தப் படங்கள்.

வெற்றியும் சீக்கிரமே வந்தது. 1932-ல் வரைந்த 'இளம்பெண்கள்' ஓவியத்துக்கு அடுத்த வருஷமே பாரிஸில் தங்கப் பதக்கம். அப்போ வயசு 20. அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா 1934 கடைசியில் இந்தியாவுக்குக் கிளம்பி வந்துட்டார்.

இங்கே வந்ததும் புடவைக்கு மாறினார். தூரிகையும் மாறியது. 1935-ல் வரைந்த 'மூன்று பெண்கள்' ஓவியத்தைத் தேடிப் பாருங்க. பளிச்சென்ற உடைகள், ஆனா முகத்தில் சிரிப்பு இல்லை, பார்வை நம்மேல் படவே இல்லை. அதே வருஷம் சிம்லாவில் ஒரு கண்காட்சி. இவர் அனுப்பிய படங்களில் சிலவற்றை நிராகரித்துவிட்டு, வேறொரு படத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசைத் திருப்பி அனுப்பிட்டார் அம்ரிதா!

அடுத்து தெற்கு நோக்கி ஒரு பயணம். அஜந்தா குகைகள், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி... அதன் தாக்கத்தில் 1937-ல் பிறந்தவைதான் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய கிராமத்தினர்' ஆகிய மூன்று புகழ்பெற்ற ஓவியங்கள். பாரிஸில் கற்றதும் அஜந்தாவில் பார்த்ததும் இந்தப் படங்களில் ஒண்ணா உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்காக இன்னொன்றை அவர் விட்டுக்கொடுக்கலை.

1938-ல் ஹங்கேரி போய், உறவினரான டாக்டர் விக்டர் ஈகனைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு இந்தியா திரும்பி, 1941-ல் இருவரும் லாகூரில் குடியேறினார்கள். அங்கே அவரது ஓவியக் கண்காட்சி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது திடீர்னு உடம்பு முடியாமப் போச்சு. டிசம்பர் 5 அன்று இறந்துபோனார். வயசு வெறும் 28. வீட்டு மாடியிலிருந்து தெரிந்த காட்சியை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படம் பாதியிலேயே நிற்கிறது.

கதை அங்கே முடியலை. அம்ரிதாவின் தங்கை இந்திராவின் மகன் விவான் சுந்தரம், பிரபல ஓவியர். பிறந்தது 1943-ல். அதாவது, பெரியம்மாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய போட்டோக்களை 2001-ல் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றோடு ஒன்று இணைத்து புதுப் படங்களாக்கினார். வேற வேற காலத்து அம்ரிதாக்கள், அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் ஒரே ஃப்ரேமில். எந்த ஆல்பத்திலும் இல்லாத ஒரு குடும்ப போட்டோ!

அம்ரிதாவின் 'தி ஸ்டோரி டெல்லர்' ஓவியம் 2023-ல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. உயிரோடு இருந்தப்போ, படங்களை விற்கவே சிரமப்பட்டவர் அவர்.

டெல்லி போனா, ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போய் அவர் ஓவியங்கள் முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க. சொந்த ஊர் எதுன்னு அடுத்த தடவை யாராவது கேட்டா, ரெண்டு ஊர் பேரைச் சொல்லத் தயங்க மாட்டீங்க.