விடுபட்ட பெயர்

நாள்தோறும் ஏடுகளில் பெயர் எழுதும் எம்மைப் போன்ற எழுத்தர்க்கு, ஒரு பெயர் பிழைபடுவதும் விடுபடுவதும் எத்துணைக் குறை என்பது தெரியும். மேனாட்டு ராக் அண்டு ரோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான பட்டி ஹாலிக்கு அவ்விரண்டும் நேர்ந்தன.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து லப்பக் என்னும் ஊரில் 1936 செப்டம்பர் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். 1956-இல் இசைத்தட்டு ஒப்பந்தத்தில் அவருடைய குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டது. அப்பிழையையே அவர் மேடைப் பெயராக ஏற்றுக்கொண்டார்.

அவ்வூரிலேயே அவருக்கு வாய்த்த தோழர் ஜெர்ரி ஆலிசன். ஏறத்தாழ மூன்றாண்டு இளையவர். பட்டி கித்தார் மீட்டிப் பாடுவார். ஜெர்ரி டிரம் முழக்குவார். தொடக்கத்தில் இவ்விருவர் மட்டுமே மேடையேறியதும் உண்டு. பின்னர் 'கிரிக்கெட்ஸ்' என்ற குழு அமைந்தது. இருவரும் இணைந்து இயற்றிய 'தட்ல் பீ த டே' என்னும் பாட்டு, 1957 பிப்ரவரியில் குளோவிஸ் நகரில் நார்மன் பெட்டி என்பாரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 'எவ்ரிடே' என்ற மென்மையான பாட்டுக்கு ஜெர்ரி டிரம்மை விடுத்துத் தம் தொடையிலேயே தட்டித் தாளமிட்டார். கச்சேரிகளில் அவ்வாறே தாளமிட்டுப் பழகிய நம்மவர்க்கு இச்செய்தி உவப்பளிக்கும்.

மற்றொரு பாட்டில் பட்டி முதலில் வேறொரு பெண்ணின் பெயரை அமைத்திருந்தார். தம் காதலியின் பெயரை இடுமாறு ஜெர்ரி வேண்டவே, அது 'பெகி சூ' ஆயிற்று. 1957-இல் இசைத்தட்டு வெளிவந்தபோது, இயற்றியவர்களாக ஜெர்ரி, நார்மன் பெட்டி ஆகிய இருவர் பெயரே இருந்தன. பட்டியின் பெயர் இல்லை!

1958-இன் இறுதியில் நண்பர்கள் பிரிந்தனர். பட்டி நியூயார்க்கில் வாழ்ந்தார். ஜெர்ரி பெட்டியுடனேயே நின்றார். கடுங்குளிர் காலத்தில் பட்டி மேற்கொண்ட இசைப் பயணத்தில் பேருந்தின் வெப்பக் கருவி பழுதுற்றது. அத்துன்பத்துக்கு அஞ்சிச் சிறு விமானம் ஒன்றை அமர்த்திக்கொண்டார். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் அதிகாலை, அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் அருகே அது விழுந்து நொறுங்கியது. பாடகர் மூவரும் விமானியும் மாண்டனர். பட்டிக்கு அகவை 22. மணமாகி ஆறு திங்களும் நிறையவில்லை.

பிரிந்தவர் மீண்டும் கூடிப் பாடக் காலம் இடந்தரவில்லை. எனினும், பின்னாளில் ஜெர்ரி வற்புறுத்தியதால் 'பெகி சூ' பாட்டை இயற்றியவர் வரிசையில் பட்டி ஹாலியின் பெயரும் சேர்க்கப்பட்டது. பங்கு கேட்க அவர் வரப்போவதில்லை என்று அறிந்தும், உரியவர்க்கு உரியதை அளித்த ஜெர்ரி 2022 வரை வாழ்ந்தார். மறைந்த நண்பருக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறு எதுவோ, யாம் அறியோம்.