வட்டிக் கணக்கில் புலி... வட்டியே வராத இடத்தில் போட்டது 20 லட்சம்!

மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில்ல போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் நெல் வயல். கொள்ளிடம் பாலம் தாண்டினா கொஞ்ச நேரத்துல சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே அண்ணாமலைநகர். டெல்டாக்காரரா இருந்தா, அங்கே படிச்ச ஒரு மாமாவோ டீச்சரோ உங்களுக்குக் கட்டாயம் இருப்பாங்க.

ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டெல்டாக்காரர் இல்லை. 1881-ல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார். குடும்பத் தொழில், லேவாதேவி. கடல் தாண்டியும் கடை நடத்திய குடும்பம்.

1906-ல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்கார நிதி நிறுவனம் திவாலாச்சு. ஆயிரக்கணக்கானவங்க சேமிப்பு காலி. நம்ம பணத்துக்கு நாமதான் வங்கி வெச்சுக்கணும்னு கிளம்பினார், தஞ்சை மாவட்டத்து வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதை வளர்த்ததில் அண்ணாமலை செட்டியார் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து அரசியல். டெல்லியில் மேல்சபை உறுப்பினர், 1923-ல் சர் பட்டம், 1929-ல் ராஜா பட்டம். ஆமாம், காந்தி சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவர் பிரிட்டிஷ் அரசோடு இணக்கமாகவே இருந்தார்.

அந்த நெருக்கத்தை வைத்து என்ன செய்தார்ங்கிறதுதான் முக்கியம். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். 1929-ல் அது பல்கலைக்கழகம் ஆனது. தமிழ்ப் பகுதியில் சென்னைக்கு அடுத்து அதுதான். அவர் கொடுத்தது 20 லட்சம் ரூபாய். அப்போ ஒரு சவரன் சுமார் 13 ரூபாய். ஒன்றரை லட்சம் சவரன்னு வெச்சுக்கோங்க!

இன்னொரு சண்டையும் உண்டு. காவிரிக்கரைதான் கர்னாடக இசையின் தாய்வீடு. ஆனா, கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடா. சீர்காழி அருணாசலக் கவிராயர் பாடிய மண்ணில் இந்த நிலைமையா? 1941-ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். இசைக்கு மொழி எதற்கு என்று சென்னையில் எதிர்ப்பு கிளம்பியது. அசரவில்லை. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 1948-ல் அவர் மறைந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்கக் கூடாது. செட்டியார்களின் கடல் தாண்டிய பணத்தில் பெரும்பகுதி புழங்கியது பர்மாவில். அதுவும் நெல் விளையும் டெல்டாதான். 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிய, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம்!

அந்த டெல்டாவில் நிலத்தை இழந்தவர்களையும் நினையுங்க, இந்த டெல்டாவில் முதல் பட்டதாரியானவர்களையும் நினையுங்க. ரெண்டும் சேர்ந்ததுதான் அவர் கணக்கு. 2013-ல் பல்கலைக்கழகம் அரசு கைக்கு வந்துவிட்டது. உங்க வீட்டில் அங்கே படிச்சவங்க இருந்தா, அந்தப் படிப்பு என்ன மாத்துச்சுன்னு இன்னிக்கே கேட்டுப் பாருங்க.