வேலைத்தலத்திலிருந்து வந்த எழுத்தாளன் ஹென்றி லோசன்

சித்திரைப் புத்தாண்டு மலரென்றால் பாரதியாரையோ நாவலரையோ பற்றி எழுதுவதுதான் எங்கள் வழக்கம். இம்முறை நாங்கள் வந்து சேர்ந்த இந்த மண்ணின் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதலாமென்று நினைத்தேன். ஹென்றி லோசனின் கதைகளை இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தாய் தகப்பனாகிய எங்களில் பலருக்குத்தான் அவரைத் தெரியாது. 1966 இல் அவுஸ்திரேலியாவுக்கு டொலர் வந்தபோது பத்து டொலர் தாளில் அச்சடித்தது இவருடைய முகத்தைத்தான். 1993 இல் புதுத்தாள் வரும்வரை அது இருந்தது. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் கையில் காசில்லாமல் மறியலுக்குப் போன மனுசன் அவர்.

லோசன் 1867 ஜூன் 17 ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸில் கிறென்பெல் என்ற தங்க வயலில் பிறந்தார். தகப்பன் நோர்வே நாட்டு மாலுமி. தங்கம் தேடி மெல்பேர்ணில் கப்பலை விட்டு இறங்கியவர். அவருடைய லார்சன் என்ற பெயர் இந்த நாட்டில் லோசனாகிப் போனது. எங்கள் நீளப் பெயர்களுக்கு இங்கே நடக்கிறதை நினைத்தால் அது ஒன்றும் புதினமில்லை. தங்கமும் கிடைக்கவில்லை, பிறகு எடுத்த காணியும் சரியாக விளையவில்லை. மகனுக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு எல்லாமாகக் கூட்டினாலும் மூன்று வருடமளவில்தான். ஒன்பது வயதில் காது நோய் வந்தது. பதினாலு வயதளவில் காது பெரும்பாலும் கேளாமல் போய்விட்டது.

தாய் லூயிசா கெட்டிக்காரி. கணவனைப் பிரிந்து 1883 இல் சிட்னிக்கு வந்தவர். 1888 இல் பெண்களையே அச்சுக்கோர்க்க வைத்துப் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். லோசனும் சிட்னிக்கு வந்து, கிளைட்டில் ரெயில் பெட்டிகள் செய்த ஹட்சன் பிறதர்ஸ் வேலைத்தலத்தில் பெட்டிகளுக்குப் பெயின்ற் அடிக்கப் பழகினார். இன்று எங்கள் சனம் பரமற்றாப் பக்கம் ரெயினில் போகும்போது கடக்கிற அதே கிளைட்தான். கூட வேலை செய்தவர்கள் அந்தச் செவிட்டுப் பொடியனைப் படுத்தாத பாடு இல்லை. இரவில் வகுப்புக்குப் போய்ப் படித்தார், சோதனையில் தவறிவிட்டார். 1887 இல் மெல்பேர்ண் கண் காது ஆஸ்பத்திரிக்குப் போயும் காது சுகப்படவில்லை.

நானும் ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். இங்கே பக்டரியில் வேலை செய்யிறன். வந்த புதுசில் பக்கத்தில் நிற்கிறவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் எண்டு விளங்காது. பாஷை தெரியாதவனும் அரைச் செவிடன்தான். அதனால்தானோ என்னவோ, அந்த வேலைத்தலத்தை வைத்து லோசன் எழுதிய ஒரு கதை என்னை உலுக்கிவிட்டது. வேலைக்குப் பிந்திவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு சிறுவன் விடியப்புறமே போய்த் தொழிற்சாலைக்கு அருகில் படுத்து நித்திரை கொள்கிறான். செய்தி வாசித்த யாரோ இரக்கப்பட்டு அவனுக்கு அலாம் மணிக்கூடு ஒன்று கொடுக்கிறார்கள். ஒருநாள் மணி அடிக்கிறது, பொடியன் எழும்பவில்லை. செத்துப்போனான். தான் பட்ட பாட்டை லோசன் வீணாக்கவில்லை என்று இதில் தெரிகிறது.

1887 ஒக்ரோபரில் சிட்னியின் புலட்டின் பத்திரிகையில் அவருடைய முதற் கவிதை வந்தது. 1892 இல், மந்தையோட்டப் போன புருஷன் இல்லாத வீட்டில் பாம்புக்குப் பயந்து பிள்ளைகளோடு இரவு முழுவதும் விழித்திருக்கும் ஒரு பெண்ணின் கதையை எழுதினார். புருஷன் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளைக் காத்த எங்கள் தாய்மாருக்கு அந்த இரவைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை. அதே வருடம் பத்திரிகை ஆசிரியர் ஆர்ச்சிபோல்ட் ஐந்து பவுணும் ரெயின் ரிக்கற்றும் கொடுத்து அவரைப் பேர்க் என்ற உள்நாட்டு ஊருக்கு அனுப்பினார். வரட்சியான கோடையில் ஹங்கர்போர்ட் வரை இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, நடந்தே திரும்பினார். அங்கே பிறந்த கதைகளில் ஒன்று ஒரு செத்தவீடு. தண்ணீரில் மூழ்கிய ஊர்பேர் தெரியாத பொடியன், தொழிற்சங்கத்து ஆள் எண்டதுக்காக மட்டும் அறியாத சனம் பின்னால் போகுது. அவனுடைய சமயம் வேறு, போனவர்கள் பலரின் சமயம் வேறு. வெறியில் பாதிவழியில் நின்றவர்களையும் லோசன் மறைக்கவில்லை.

ஒன்றை நாங்களும் மறைக்கக் கூடாது. புலட்டின் வெள்ளையருக்கே அவுஸ்திரேலியா என்ற கொள்கையோடு நடந்த பத்திரிகை. லோசனும் சீனரைப் பற்றி இழிவாக எழுதியிருக்கிறார். 1901 இல் சட்டமான அந்தக் கொள்கை 1973 வரை ஒழியவில்லை. அவருடைய தோழமைக்குள் எங்களைப் போன்றவர்களுக்கு இடமிருக்கவில்லை. இருந்தும் கஷ்டப்பட்டவனை அவர் எழுதிய விதம் எங்களுக்கும் உரியது. எடுக்க வேண்டியதை எடுப்போம்.

1896 இல் புத்தகங்கள் வந்து பேர் கிடைத்தது. கலியாணமும் அதே வருடம். ஆனால் குடி விடவில்லை. லண்டன் போய் 1902 இல் திரும்பினார், அடுத்த வருடம் குடும்பம் பிரிந்தது. குடித்ததற்கும் பிள்ளைகளுக்குப் பராமரிப்புப் பணம் கட்டாததற்கும் டார்லிங்ஹேர்ஸ்ட் மறியலுக்குப் பல தடவை போனார். அப்போது அவரைத் தாங்கியவர் திருமதி பயர்ஸ் என்ற வயதான பெண்மணி. இருக்க இடம் கொடுத்து, நோயில் பார்த்து, பதிப்பாளர்களிடம் அவருக்காகப் பேசியதும் அவர்தான்.

1921 செப்ரெம்பரில் சென்னையில் பாரதியார் இறந்தபோது சுடலைவரை போனவர்கள் சிலபேர்தான். 1922 செப்ரெம்பர் 2 ஆம் திகதி சிட்னி அபொட்ஸ்போர்ட்டில் லோசன் இறந்தபோது அரச மரியாதை கிடைத்தது. உயிரோடு இருக்கையில் வறுமை இருவருக்கும் ஒன்றுதான்.

கஷ்டம் ஒருவனை உரமாக்கும் என்று சொல்வார்கள். லோசனின் வாழ்க்கையைப் பார்த்தால் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கஷ்டம் அவருக்குக் கதை கொடுத்தது, ஆளையும் தின்றது. விழுந்த நேரமெல்லாம் ஒரு தாயோ, ஓர் ஆசிரியரோ, ஒரு பயர்ஸ் அம்மாவோ கைகொடுத்தபடியால்தான் அவரால் எழுத முடிந்தது.

எங்களுக்குள்ளும் சிவ்ற் முடிந்து வந்து கொப்பியில் எழுதி லாச்சிக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அறையில் தனியே இருந்து குடிப்பவர்களும் இருக்கிறார்கள். சிலவேளை இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். இந்தப் புத்தாண்டில் அப்படி ஒருவரின் கதவைத் தட்டி, ஒரு கோப்பை சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த மலருக்கு அதை வாங்கி அனுப்புங்கள்.