முதலாம் இராசேந்திர சோழன்

முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம்: கி.பி. 1012 - 1044) பிற்காலச் சோழ மன்னர்களுள் புகழ் பெற்றவன். முதலாம் இராசராச சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த மகன். இயற்பெயர் மதுராந்தகன். இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக அமைத்தவன் இவனே.

ஆட்சியும் போர்களும்

கி.பி. 1012 இல் இளவரசுப் பட்டம் பெற்ற இராசேந்திரன், 1014 இல் தந்தையின் மறைவுக்குப் பின் தனித்து ஆண்டான். 1017 அளவில் இலங்கை முழுவதும் சோழர் வசமானது. சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தன் 1029 இல் சோழநாட்டிலேயே இறந்தான்.

1023 அளவில் சோழர் படை கங்கைக்கரை வரை சென்று, வங்காளத்தின் பால மன்னன் மகிபாலனை வென்றது. படையை நடத்தியவர் தளபதியே. மன்னன் கோதாவரிக்கரையில் படையை எதிர்கொண்டான். 1025 இல் சோழர் கடற்படை சிறீவிசயத்தைத் தாக்கிக் கடாரத்தைக் (இன்றைய மலேசியாவின் கெடா) கைப்பற்றியது. எனினும் அங்கு நிலையான சோழர் ஆட்சி ஏற்படவில்லை.

தலைநகரும் ஏரியும்

கங்கை வெற்றியின் நினைவாகவே புதிய தலைநகர் எழுந்தது. அங்குள்ள சிவன் கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது; தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை விடச் சற்றுத் தாழ்ந்தது. நகருக்கு அருகில் சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. வென்ற மன்னர்கள் கல்லில் வெற்றித்தூண் நாட்டுவது மரபு. இராசேந்திரன் நாட்டியதோ நீராலான வெற்றித்தூண் என்ற கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இவ்வேரி இன்று பொன்னேரி எனப்படுகிறது.

மறைவு

இராசேந்திரன் 1044 இல் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பிரம்மதேசத்தில் காலமானான். தேவி வீரமாதேவி உடன்கட்டை ஏறியதை அவ்வூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. மகன் முதலாம் இராசாதிராசன் அடுத்து ஆண்டான்.

எஞ்சியவை

சோழராட்சி முடிவுற்ற 13 ஆம் நூற்றாண்டு வரை, சுமார் 250 ஆண்டுகள் இந்நகர் தலைநகராக விளங்கியது. பின்னர் அரண்மனை மண்மேடானது. மாளிகைமேடு என்னும் இடத்தில் நடந்த அகழாய்வுகளில் அதன் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன. 1836 அளவில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் மதிலும் கோபுரமும் இடிக்கப்பட்டு அவற்றின் கற்கள் எடுத்துச் செல்லப்பட்டன. விமானம் தப்பியது. 2004 இல் யுனெசுகோ இக்கோயிலை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கடல் கடந்த வெற்றிகளைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும்தான் காண இயலும். கோயிலில் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. வெற்றிச் சின்னமாக வெட்டப்பட்ட ஏரி இன்றும் அவ்வட்டாரத்தின் நீர்நிலையாக உள்ளது.